ஆட்டத்திலும் பெரட்டு உண்டு



ஜாசினிலோ அலோர் காஜாவிலோ, "இப்போது எழுந்து வர முடியாதம்மா!" என்று இரவில் கணினிமுன் இருந்து குரல் கொடுப்பவர் உங்களில் உண்டு. விடியுமுன் வேலைக்குப் போகவேண்டிய அம்மாவோ சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கிறார்.

2004-இல் வெளிவந்த 'வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில், ஓர் அரக்கனை வீழ்த்த 40 பேர் வரை சேர்ந்தார்கள். இதற்கு 'ரெய்டு' என்று பெயர். சிலர் அடியைத் தாங்குவார்கள், சிலர் காயம் ஆற்றுவார்கள், மற்றவர் தாக்குவார்கள். காயம் ஆற்றுபவர் நடுவில் எழுந்துபோனால் எல்லாரும் மடிய நேரும்.

தாத்தா பால்மரம் வெட்டிய காலத்தில், பெரட்டுக்குப் பிந்தியவரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. ஆட்டக் குழுவும் அதைத்தான் கேட்கிறது: நேரத்தோடு வரவேண்டும், மருந்தும் ஆயுதமும் தயாராக இருக்கவேண்டும், தலைவர் சொல் கேட்கவேண்டும், கிடைத்த பொருளுக்குச் சண்டை கூடாது, வர இயலாவிட்டால் முன்பே சொல்லவேண்டும்.

நல்ல பழக்கம்தான். ஆனால், முகம் தெரியாத 39 பேருக்கு வாக்குக் கொடுக்குமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பெற்றோரே, நீங்களும் பாதியில் கூப்பிட்டுக் கோபிக்காமல், "எத்தனை மணிக்கு முடியும்?" என்று முன்னதாகக் கேட்டுவையுங்கள். முதல் வாக்கு வீட்டுக்கு, அடுத்ததுதான் குழுவுக்கு. இரண்டையும் காப்பாற்றுபவரே நல்ல ஆட்டக்காரர்.