காத்திருப்போர் பட்டியலுக்கும் சாதி உண்டு

2024-ஆம் ஆண்டு சென்னையில் அரசுப் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளர் பேசியது பலருக்கும் நினைவிருக்கும். உடல் குறைபாட்டோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னார். அந்த இடத்திலேயே அவரை எதிர்த்துக் கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஒரு தமிழாசிரியர். பேசியவர் கைது செய்யப்பட்டார். இது பெரியார் மண் என்று நாமும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. முற்பிறவிப் பாவத்தை மேடையில் பேசினால் கைது செய்கிற அரசு, ஊனத்தோடு பிறந்த குழந்தைக்கு உரிய உதவியை இந்தப் பிறவியிலேயே, குழந்தையாக இருக்கும்போதே, கொடுக்கிறதா? இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு, 'நிதி வந்ததும் வரும், மூப்புப்படி வரும்' என்று திருப்பி அனுப்புகிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2016-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்றது. சமூகப் பாதுகாப்பைப் பேசும் 24-ஆவது பிரிவில் மட்டும் ஒரு வாக்கியத்தைச் செருகியிருக்கிறார்கள்: அரசு தன் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டுத் திட்டங்களை வகுக்க வேண்டுமாம். தலைப்பில் உரிமை, பிரிவுக்குள்ளே பிச்சை. காத்திருப்போர் பட்டியல் பிறந்த இடம் இந்த வாக்கியம்தான். உரிமை என்றால் தகுதியுள்ள அத்தனை பேருக்கும் தந்தாக வேண்டும். 'திறனுக்கு உட்பட்டு' என்றால் இத்தனை பேருக்கு மட்டும் என்று ஒரு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, மிச்சம் பேரை வாசலில் நிறுத்தலாம்.

ஒன்றிய அரசின் யோக்கியதை இன்னும் மோசம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் தருகிறது. அதற்கும் 80 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் குழந்தை என்ற ஒரு பிறவியே கிடையாது. 300 ரூபாய் தருகிற இந்த அரசுதான் 'திவ்யாங்ஜன்', அதாவது தெய்வீக உடல் கொண்டோர், என்று பெயர் சூட்டியது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய மக்களுக்கு 'ஹரிஜன்' என்று பெயர் வைத்த அதே தந்திரம் இது. உரிமை கேட்பவரைக் கடவுளின் கணக்கில் எழுதிவிட்டால், அரசின் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

தமிழ்நாடு இதைவிட மேல் என்பது உண்மை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், தசைச்சிதைவு நோய் போன்ற சில பிரிவினருக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இங்கே இருக்கிறது. குழந்தைகளுக்கும் உண்டு. ஆனால் 2,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 66 ரூபாய். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில் ஆறு நாள் கணக்குதான் ஒரு மாதப் பராமரிப்புத் தொகை. பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் தாய் மாதத்தில் ஆறு நாள்தான் வேலையை இழக்கிறாளா? பக்கத்து ஆந்திரம் 2024-இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாகவும், முழுமையாக முடங்கியவர்களுக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது. அதே அளவு இங்கேயும் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் மறியல் செய்து கைதாகிக்கொண்டிருக்கின்றன.

இதில் சாதி எங்கே வருகிறது, பட்டியல் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத மற்றவர்களில் 2.18 சதவீதம். இந்த இடைவெளியைக் கர்மா உண்டாக்கவில்லை. சத்துக் குறைவான கர்ப்பமும், நேரத்துக்குப் போய்ச் சேராத பிரசவமும், கவனிக்கப்படாத மஞ்சள் காமாலையும் காய்ச்சலும் குழந்தையின் மூளையையும் உடலையும் பாதிக்கும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. நிலமும் கூலியும் சாலையும் மருத்துவமனையும் எந்தத் தெருவுக்குக் கடைசியாக வருகின்றன என்பது நமக்குத் தெரிந்த செய்தி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும்.

அடுத்து வரிசை. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது நடுநிலை போலத் தெரியும். யார் முதலில் வர முடியும்? குழந்தைக்கு இரண்டு வயதாகியும் உட்காரவில்லை என்பதை அங்கன்வாடியில் யாராவது கவனித்துச் சொல்ல வேண்டும். அங்கிருந்து வட்டார மருத்துவமனை, பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனை. சிறப்பு மருத்துவர் வருகிற நாளும் கூலி கிடைக்கிற நாளும் ஒன்றாக இருக்கும். மதிப்பீடு, சான்றிதழ், ஆதார், யுடிஐடி அட்டை, வங்கிக் கணக்கு, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து. மருத்துவச் சான்று கொடுக்க ஒரு மாதமாக இருந்த காலக்கெடுவையும் 2024-இல் விதியைத் திருத்தி மூன்று மாதமாக்கிவிட்டார்கள். வண்டி வைத்திருப்பவர், படித்தவர், அலுவலகத்தில் ஒரு சொந்தக்காரர் இருப்பவர் இந்தப் படிகளைச் சில வாரங்களில் ஏறிவிடுவார். சேரியிலிருந்து, செங்கல் சூளையிலிருந்து, மலைக் கிராமத்திலிருந்து வருகிற தாய்க்கு ஆண்டுகள் ஆகும். பட்டியலில் அவள் பெயர் ஏறுகிற தேதியைச் சாதி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அதன் பிறகு மூப்புப்படி தருகிறோம் என்றால், பின்தள்ளப்பட்டதையே பின்னால் நிற்கக் காரணமாக்குகிறோம் என்று பொருள்.

நாற்பது வயதுக்காரர் மூன்று ஆண்டு காத்திருப்பதும் மூன்று வயதுக் குழந்தை மூன்று ஆண்டு காத்திருப்பதும் ஒன்றல்ல. பேச்சும் நடையும் கற்கிற மூளை வேகமாக வளர்வது முதல் ஆறு ஆண்டுகளில். இதைத் தெரிந்துதான் ஒன்றிய அரசே 2013-இல் பிறப்பு முதல் 18 வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது, மாவட்டந்தோறும் ஆரம்பகட்ட இடையீட்டு மையம் என்றது. தமிழ்நாடும் உலக வங்கிக் கடனோடு 'உரிமைகள்' திட்டத்தையும் 'விழுதுகள்' மையங்களையும் கொண்டுவந்திருக்கிறது. நல்லது. ஆனால் மையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரம் இரண்டு நாள் போக, அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது? மையம் இருந்தும் போக முடியாமல் வைப்பது இந்த 2,000 ரூபாய்க்கான காத்திருப்பு.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இயன்முறை சிகிச்சை தள்ளிப்போனால் தசைகள் இறுகும், மூட்டுகள் மடங்கி நின்றுவிடும். குறைபாட்டின் அளவு கூடும். அறுபது சதவீதத்தில் வந்த பிள்ளைக்குக் கடுமையான பாதிப்பு இல்லை, தகுதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். சிகிச்சை இல்லாமல் அது எழுபத்தைந்தைத் தாண்டினால் அப்போது தகுதி வந்துவிடும், வரிசையில் நிற்கலாம். ஊனத்தைக் கூட்டிவிட்டு உதவிக்குத் தகுதி தருகிற இந்த ஏற்பாட்டுக்கு நலத்திட்டம் என்று பெயர்.

சட்டத்தின் கண்ணுக்கும் இந்தப் பிள்ளைகள் முழுதாகத் தெரிவதில்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஆந்திரத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர் பார்வையற்ற, பட்டியல் சாதிப் பெண். சாதியும் பாலினமும் ஊனமும் ஒன்றோடொன்று பின்னிய ஒடுக்குமுறை என்று தீர்ப்பு விரிவாகப் பேசியது. முடிவில், சாதியை முன்னிட்டு நடந்ததற்குத் தனிச் சான்று இல்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. பின்னல் இருப்பது தெரிகிறது, ஆனால் இழை இழையாகப் பிரித்துக் காட்டினால்தான் நம்புவோம் என்கிறார்கள். நலத்துறைகளும் அப்படித்தான். ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அது ஊனமுற்ற பிள்ளை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு அது சேரிப் பிள்ளை. நடுவில் விழுகிறது குழந்தை.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 'சாதி ஒரு மனநோய்' என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். சாதி நோய் அல்ல தோழர்களே. நிலத்தையும் கூலியையும் பெண்ணின் உடலையும் கையில் வைத்திருக்கத் தெளிந்த புத்தியோடு நடத்தப்படும் ஏற்பாடு அது. மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறவர் எந்தக் குடிசையையும் கொளுத்த வரவில்லை. வசவுக்காக அவரை எடுத்துப் பயன்படுத்துகிற இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அவருக்கு இடம் இருந்ததா? அண்ணல் அம்பேத்கர் படத்துக்குக் கீழே கூட்டம் போடுகிற நம் அரங்குகளில் எத்தனைக்குச் சாய்தளம் இருக்கிறது?

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். 18 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் காத்திருப்போர் பட்டியல் கூடாது. சான்று கொடுத்த மாதமே பணம் வர வேண்டும், எண்ணிக்கை வரம்பு குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று அரசாணை வர வேண்டும். இன்றுள்ள பட்டியலை மாவட்டவாரியாக, விண்ணப்பத் தேதியோடு, சமூகப் பிரிவுவாரியான எண்ணிக்கையோடு, பெயர் வெளியிடாமல், பொதுவில் வைக்க வேண்டும். மருத்துவர் குழு ஒன்றியந்தோறும் சேரிக்கும் மலைக்கும் வர வேண்டும், தாய் அலையக் கூடாது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படப்போகிறது. 21 வகைக் குறைபாடுகளையும் கணக்கில் எடுத்து, சாதியையும் ஊனத்தையும் சேர்த்த அட்டவணை வெளிவர வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அந்த நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய பங்கு வேண்டும். அப்படி வருகிறவர் முதல் கிராம சபையிலேயே கேட்கட்டும்: இந்த ஊராட்சியில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள், எத்தனை ஆண்டாக?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நிதி தேவையில்லை. பதில் வெளியே வந்துவிட்டால், நிதி இல்லை என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்காது.