திருவாசகமும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்டும்

2005ல் இளையராஜாவின் 'திருவாசகம் இன் சிம்பொனி' வந்தபோது நான் வேலைக்குப் புதுசு. ஊரிலிருந்த அப்பாவுக்கும் ஒரு சிடி வாங்கி அனுப்பினேன். பாதியில் நிறுத்திவிட்டார். "மாணிக்கவாசகர் பாட்டுக்கு நடுவுல இங்கிலீஷ் எதுக்குடா?" மேற்கத்திய இசை தெரிந்த நண்பரோ, இது சிம்பொனியே இல்லை, ஓரட்டோரியோ வகை என்றார்.

இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள் எனக்கும் ஒட்டவில்லை. புடாபெஸ்ட் இசைக்குழு சில இடங்களில் சொல்லை அமுக்கிவிடுகிறது.

ஆனால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத வரவை வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைப்போம். தலைப்பு தெரியாததால் பணமே வரவில்லை என்று ஆகிவிடாது. 2025 மார்ச்சில் லண்டனில் ராஜா தன் முதல் சிம்பொனி 'வேலியன்ட்'டையே அரங்கேற்றிவிட்டார். இனியும் பெயர்ச் சண்டை எதற்கு?

எனக்கு வந்த வரவைச் சொல்கிறேன். டெல்லியிலேயே பிறந்த என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. போன மாதம் புசா ரோடு நெரிசலில் கார் நின்றபோது இந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. "பொல்லா வினையேன்னா என்னப்பா?" என்றாள். சிவபுராணம் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். வீடு வரும்வரை பேசினார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் பேத்திக்குப் பாடம் நடக்கிறது. அந்த சிடியை மட்டும் அப்பா இன்னும் முழுசாகக் கேட்கவில்லை.