காலிக் கட்டம்

பிறருடைய பணத்தைக் கையாளுகிறவன் கணக்கு எழுதி வைக்கிறான். பிறருடைய நேரத்தைக் கையாளுகிறவனிடம் கணக்குக் கேட்பார் எவருமில்லை. இந்த விஷயம் நமக்குச் சிறிது காலத்திற்கு முன்புதான் உறைத்தது.

நமக்கு உத்தியோகம் பள்ளிக்கூடத்தில். பாடம் சொல்லுவதோடு, சக ஆசிரியர்களின் சார்பில் கூட்டங்களுக்கு நாளும் நேரமும் குறிக்கும் பொறுப்பும் நம் தலையில் விழுந்தது. முன்னெல்லாம் இதற்கு ஒரு சுற்றறிக்கையும், அதை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாய் அலைய ஓர் ஆளும் வேண்டும். இப்பொழுதோ கம்ப்யூட்டரில் ஒரு பொதுக் காலண்டர் போதும். எல்லோருடைய பெயர்களும் வரிசையாக நிற்கின்றன. வேலை உள்ள நேரம் வர்ணம் பூசியிருக்கிறது, மற்றது வெள்ளையாயிருக்கிறது. அனைவருக்கும் ஒருசேர வெள்ளையாயுள்ள கட்டத்தில் கூட்டத்தை வைத்து ஒரு பொத்தானைத் தட்டினால், அழைப்பு அந்தக் கணமே போய்ச் சேருகிறது.

இந்த வித்தை நேற்று வந்ததன்று. ஒரு காரியாலயத்துக் காலண்டர் அனுப்பும் அழைப்பு மற்றொன்றுக்கு விளங்கும்படி, ஐகாலண்டர் என்னும் பொது விதி 1998-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. 2006-இல் வந்த கூகுள் காலண்டர் அந்த ஸௌகரியத்தைச் சாமானியர் கைக்கும் கொண்டுவந்தது. தம் காலண்டரைப் பிறருக்குத் திறந்துவிடுவதிலே படிகள் உண்டு. வேலை உண்டா இல்லையா என்று மட்டும் காட்டலாம். என்ன வேலை என்றும் காட்டலாம். அதற்கும் மேலே போய், தம் பெயரில் எழுதவும் அழிக்கவும் இடங்கொடுக்கலாம்.

இந்த மேற்படி அதிகாரம் நம்மிடம் இருந்தது. ஆசிரியை ஒருவரின் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக் கட்டம் எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். குழுக் கூட்டம் ஒன்றை வாராவாரம் அங்கே வைத்துவிட்டோம். அவரும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். இரண்டு மாதம் சென்ற பிறகே சங்கதி தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் திணறிய ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அவர் அந்த நேரத்தில் தனியே பாடம் சொல்லி வந்திருக்கிறார். அதற்குச் சம்பளமில்லை, மேலிடத்து உத்தரவுமில்லை, ஆகையால் காலண்டரிலும் இடமில்லை. பையன் இரண்டு வாரம் வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு, பிறகு வருவதையே நிறுத்திவிட்டான்.

"ஏன் டீச்சர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம்.

"ஸார் வைத்த கூட்டமாயிற்றே! எப்படி மறுப்பது?" என்றார்.

மறு வாரமே கூட்டத்தை மாற்றினோம். ஆனால் பையனைத் திரும்ப அழைத்துவர அவருக்கு மேலும் ஒரு மாதம் பிடித்தது.

மகாத்மா காந்தி திங்கட்கிழமைகளை மௌனத்திற்கென்று ஒதுக்கியிருந்தார். 1947-ஆம் வருஷம் ஜூன் மாதம் 2-ஆம் தேதி திங்கட்கிழமை. தேசப் பிரிவினைத் திட்டம் பற்றி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனைச் சந்தித்த அன்றும் அவர் மௌனத்தைக் கலைக்கவில்லை. காகிதத் துண்டுகளில் எழுதியே பதில் சொன்னார். தமக்கென்று வைத்துக்கொண்ட நேரத்தை வைஸ்ராயின் முன்னிலையிலும் காத்துக்கொள்ள மகாத்மாவால் முடிந்தது. நமது டீச்சரால் முடியுமா? முடியாதவர்களை உத்தேசித்தே, நேரம் குறிக்கிறவனுக்கு மனச்சாட்சி வேண்டியிருக்கிறது.

இப்பொழுது நாம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளைக் கட்டத்தைக் கண்டால் முதலில் தற்காலிகமாக மட்டும் குறித்துவிட்டு, நேரில் போய்க் கேட்கிறோம். "அந்த நேரத்தில் வேறு ஏதாவது செய்கிறீர்களா?" என்ற கேள்விக்கு வரும் விடைகள் நம்மை வியக்க வைக்கின்றன. நோட்டுத் திருத்துகிறவர் ஒருவர். படுக்கையிலிருக்கும் தாயாருக்கு டெலிபோனில் மருந்தை நினைவூட்டுகிறவர் ஒருவர். சக ஊழியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: இத்தகைய நேரங்களையும் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை; 'வேலை உண்டு' என்பது போதும்.

பிறர் நேரத்திற்கு நாம் தர்மகர்த்தாக்களேயன்றிச் சொந்தக்காரர்களல்லர். தரிசாய்க் கிடக்கிறதென்பதற்காகக் கோயில் நிலத்தைத் தர்மகர்த்தா தம் பெயருக்கு எழுதிக்கொள்ளலாமா?