அத்லெடிக் டிரெய்னர் படிப்புக்கு முதுநிலைப் பட்டம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்காவில் இன்று ஒருவர் புதிதாக அத்லெடிக் டிரெய்னர் ஆக வேண்டுமென்றால் முதுநிலைப் பட்டம் படித்தாக வேண்டும். தொழில் அமைப்புகள் 2015 மே மாதம் எடுத்த முடிவு இது. இளநிலைப் படிப்பில் புதியவர்களைச் சேர்ப்பது 2022 இலையுதிர்ப் பருவத்தோடு நின்றுபோனது. இந்த மாற்றம் சரிதானா, பழைய நான்காண்டுப் பட்டத்துக்கே திரும்பிவிடலாமா என்று பள்ளி நிர்வாகிகளும் பெற்றோரும் எங்களைக் கேட்கிறார்கள். இங்கு வந்து இதைப் படிக்க நினைக்கும் தமிழ் மாணவர்களும் கேட்கிறார்கள். இந்தப் படிப்பைக் கற்பிப்பவர்களும் மைதானத்தில் இந்த வேலையைச் செய்பவர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். எங்கள் பதில் இதுதான்: முதுநிலைப் பட்டம் தொடர வேண்டும். ஆனால் தகுதியை உயர்த்தியவர்கள் அதன் சுமையையும் ஏற்க வேண்டும். மாணவரின் கடன் கணக்கில் மட்டும் அதை எழுதிவைப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

அத்லெடிக் டிரெய்னர் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கக் கற்றுத் தருபவர் அல்ல. மருத்துவரின் வழிகாட்டுதலில், அணியோடு மைதானத்திலேயே இருந்து காயத்தைத் தடுப்பவர், கண்டறிபவர், முதலுதவி தருபவர், வீரரை மீண்டும் ஆட்டத்துக்குத் தயார்ப்படுத்துபவர். இதை ஒரு மருத்துவத் துணைத் தொழிலாக அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-ல் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நடந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் இதயம் நின்று தரையில் விழுந்தார். அவருக்கு இதய இயக்க மீட்பு சிகிச்சை அளித்த டென்னி கெல்லிங்டன் அந்த அணியின் உதவி அத்லெடிக் டிரெய்னர். ஹாம்லின் அதே ஆண்டில் மீண்டும் களமிறங்கினார். தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் பார்த்ததால் அன்று இந்தத் தொழிலின் பெயர் வெளியே தெரிந்தது. பள்ளி மைதானங்களில் யாரும் பார்க்காமலே இந்த வேலை நாள்தோறும் நடக்கிறது.

படிப்பின் தரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹீட் ஸ்ட்ரோக் ஒன்றே போதும். வெயிலில் கடும் பயிற்சி செய்யும் இளைஞரின் உட்புற வெப்பநிலை 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, புத்தி தடுமாறினால், அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. நெற்றியிலோ காதிலோ வைத்துப் பார்க்கும் வெப்பமானி இங்கே உதவாது. மலக்குடல் வெப்பமானியால்தான் அளக்க வேண்டும். உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸ். மாசசூசெட்ஸின் ஃபால்மத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுப் பதிவுகளில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. இந்த முறையைக் கையாண்டதால் அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள். சரியாகச் செய்தால் யாரும் சாக வேண்டியதில்லை என்று துணிந்து சொல்லக்கூடிய நோய்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

அப்படியிருந்தும் 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியில் 19 வயது ஜோர்டன் மெக்நேர் சரிந்தார். ஜூன் 13 அன்று இறந்தார். அங்கே அத்லெடிக் டிரெய்னர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வெப்பநிலை அளக்கப்படவில்லை, ஐஸ் தொட்டி பயன்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. பல்கலைக்கழகமும் பொறுப்பேற்றது. எங்கள் தொழிலுக்கே தலைகுனிவான சம்பவம் இது. பட்டமும் சான்றிதழும் கையில் இருப்பது வேறு, நெருக்கடியில் கை தானாகச் சரியானதைச் செய்வது வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் கல்வியின் வேலை.

முதுநிலைப் படிப்பை நாங்கள் ஆதரிப்பது இதனால்தான். பழைய இளநிலைத் திட்டத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் உடற்கூறியலையும் வேதியியலையும் படித்துக்கொண்டே, வகுப்புகளுக்கு நடுவே ஓடிப்போய் மைதானத்தில் நின்றார்கள். இப்போது உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் ஆகிய அடிப்படைகளை முதல் பட்டத்திலேயே முடித்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும். உள்ளே வந்த பிறகு, குறைந்தது நான்கு வாரங்களாவது இடைவிடாமல் முழுநேரமும் களப்பணியில் இருக்க வேண்டும் என்பது அங்கீகார விதி. காலையில் அணியோடு வந்து, இரவில் கடைசி வீரர் கிளம்பும்வரை இருக்கும் அந்த வாரங்களில் மாணவர் கற்பது எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. நான்கு வாரம் போதாது, அதை நீட்டிக்க வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை.

இன்னொன்றையும் பாடமாக்க வேண்டும்: கோச்சிடம் ‘முடியாது’ என்று சொல்வது. அடிபட்ட வீரரை ஆட்டத்தில் இறக்கச் சொல்லி அழுத்தம் தருபவர், அந்த டிரெய்னரின் வேலை நிலைக்குமா என்று முடிவு செய்பவராகவும் இருந்தால் எந்தப் பட்டமும் பயன்படாது. மூளை அதிர்வு ஏற்பட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்த மாணவரை, மருத்துவத் தகுதி உள்ளவர் அனுமதிக்கும்வரை களத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் 2009-ல் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. சட்டம் இருக்கிறது, அதைச் சொல்லும் நாவுக்குப் பாதுகாப்பு வேண்டும். அத்லெடிக் டிரெய்னர்கள் மருத்துவப் பிரிவின்கீழ்தான் பணியாற்ற வேண்டும், விளையாட்டுப் பிரிவின்கீழ் அல்ல. இதில் எந்தச் சமரசமும் இல்லை.

முதுநிலைத் தேவையை எதிர்ப்பவர்கள் எங்கள் சங்கத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரசுப் புள்ளிவிவரப்படி 2022-ல் அத்லெடிக் டிரெய்னரின் இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 54,000 டாலர். அதே ஆண்டில் பிசியோதெரபிஸ்டுக்கு 97,000 டாலருக்கு மேல். ஆறு ஆண்டு படித்து, கடனோடு வெளியே வரும் பிள்ளைக்கு இந்தச் சம்பளம் எப்படிக் கட்டுப்படியாகும்? கூட்டரசு கல்விக் கடனும் சுருங்குகிறது. 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களுக்கு கிராட் பிளஸ் கடன் கிடையாது. சாதாரண முதுநிலைப் படிப்புக்குக் கடன் வரம்பு ஆண்டுக்கு 20,500 டாலர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலை விட்டு விலகினால், வசதியில்லாத ஊர்ப் பள்ளிகளுக்குப் போக ஆள் இருக்காது. இப்போதே அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் அத்லெடிக் டிரெய்னர் சேவையே இல்லை.

பட்டத்தின் தரத்தைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. களப்பயிற்சிக்கு மாணவரை அனுப்பும் பல்கலைக்கழகமும், அவர் உழைப்பைப் பெறும் மருத்துவமனையும் கல்லூரி அணியும் அந்த நாட்களுக்கு ஊதியம் தர வேண்டும். டிரெய்னர் இல்லாத பள்ளிகளில் சில ஆண்டுகள் பணியாற்ற முன்வருபவர்களின் கடனை மாநில அரசுகள் அடைக்க வேண்டும். முதுநிலைப் பட்டம் கேட்கும் வேலை விளம்பரம் முதுநிலைச் சம்பளத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாத விளம்பரங்களை எங்கள் உறுப்பினர்களிடம் பகிர மாட்டோம் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

கலிபோர்னியா பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 50 மாநிலங்களில் அங்கு மட்டும்தான் இந்தத் தொழிலுக்கு அரசின் உரிமமோ வேறு ஒழுங்குமுறையோ இல்லை. படித்துத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவருக்கும் எதுவும் படிக்காதவருக்கும் இடையே சட்டம் அங்கே கோடு போடவில்லை. எல்லோரையும் ஆறு ஆண்டு படிக்கச் சொல்லிவிட்டு, மக்கள்தொகையில் மிகப் பெரிய மாநிலம் வாசலைத் திறந்து வைத்திருப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி, விளையாடும் குழந்தைகளுக்கு ஆபத்து. உரிமச் சட்டத்தைக் கலிபோர்னியா சட்டமன்றம் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

இந்தியாவிலிருந்து வர நினைக்கும் பிசியோதெரபி பட்டதாரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பட்டம் மதிப்புள்ளது. ஆனால் அதை மட்டும் வைத்து இங்கே சான்றிதழ் தேர்வு எழுத முடியாது. அங்கீகாரம் பெற்ற முதுநிலைத் திட்டத்தை முடித்தே ஆக வேண்டும். சேரும் முன்பு, அந்தத் திட்டத்தின் மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் முதல் முயற்சியிலேயே தேறுகிறார்கள் என்று பாருங்கள். மூன்றாண்டுச் சராசரி 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது அங்கீகார விதி. அந்தக் கணக்கைக் கேட்டால் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். விசா, வேலை அனுமதி, சம்பளம் மூன்றையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி வாரியக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கள் மைதானத்தில் சான்றிதழ் பெற்ற அத்லெடிக் டிரெய்னர் யார்? ஐஸ் தொட்டி எங்கே இருக்கிறது? இதய அதிர்வுக் கருவி மூன்று நிமிடத்துக்குள் வந்து சேருமா? பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.