குடிமையியல் வாத்தியாருக்குப் பயிற்சி எங்கே?

திருப்பூர் மக்களே, உங்க வீட்டுப் பிள்ளையோட சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. வரலாறு, புவியியலுக்குப் பின்னால குடிமையியல் இருக்கும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 24ஆவது பிரிவு. மனப்பாடம் பண்ணினா மார்க் வந்துரும்.

ஆனா அதே பிள்ளை சாயங்காலம் வீட்டுல ஜாப் ஒர்க் பீஸுக்குப் பிசிர் வெட்டுது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016 சட்டத்திருத்தம் சொல்லுது. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெட்டினா அது உதவியா, வேலையா? ஒரு பிள்ளை எழுந்து கேட்டா ஆசிரியர் என்ன சொல்வார்? அப்பா பார்க்கிற ஒன்றரை ஷிப்ட்டுக்கு ஓ.டி. கணக்கு என்ன? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன்? நம்ம ஊர் குடிமையியல் இதுதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்லல. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்குக் கையேடும் பயிற்சியும் கொடுத்தாங்களே, அதே அக்கறையை இதுக்கும் காட்டுங்கன்னுதான் கேட்கிறோம்.

உடுமலை திருமூர்த்தி நகர்ல மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் இருக்கு. அங்கே தொழிலாளர் துறை அதிகாரியை வரவழைச்சு ஆசிரியர்களோட பேச வைக்கலாம். மே 1 கிராம சபைக்கு ஆசிரியர்களை அனுப்பலாம். லீவு நாள்தான், ஈடுசெய் விடுப்பு கொடுங்க. வடமாநிலப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் இதை எப்படி நடத்துறதுன்னும் சொல்லிக் கொடுங்க.

இன்னொண்ணு. பிள்ளைகளைக் கேள்வி கேட்க வச்ச ஆசிரியருக்கு, எந்த முதலாளி போன் பண்ணினாலும், மாறுதல் உத்தரவு போகக் கூடாது. அதை எழுத்துல கொடுங்க.