சுற்றறிக்கை வரவில்லையாம்!

வீடுகளை இடிப்பது பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எங்களுக்குத் தெரியாது என்றது நாக்பூர் மாநகராட்சி. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வில் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுத் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் சொன்ன காரணம் இதுதான்: மாநில அரசிடமிருந்து சுற்றறிக்கை வரவில்லை, ஆகவே நகரமைப்புப் பிரிவுக்கும் குடிசைப் பகுதிப் பிரிவுக்கும் விஷயம் தெரியாது. மன்னிப்புக்கு ஒரு தாள் போதும். 2025 மார்ச் 24 அன்று இடித்த வீட்டுக்கு?

தெரியாமல் போக அது என்ன ரகசியத் தீர்ப்பா? 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு சொன்னதை நாடே படித்தது. 15 நாள் நோட்டீஸ், நேரில் விசாரணை, காரணங்களுடன் உத்தரவு, அதன் பிறகும் 15 நாள் அவகாசம். மீறி இடித்தால் அந்த அதிகாரியே தன் பணத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும். எல்லா மாநிலத் தலைமைச் செயலர்களுக்கும் நகல் அனுப்பவும் உத்தரவிட்டார்கள். இதில் வேடிக்கை, கவாய் வழக்கறிஞராக இருந்த நாளில் இதே நாக்பூர் மாநகராட்சிக்காக வாதாடியவர். தங்கள் பழைய வக்கீல் எழுதிய தீர்ப்பு நான்கு மாதம் கடந்தும் காதில் விழவில்லை என்று சொல்லி, நம் காதில் பூச்சுற்றுகிறார்கள்.

சரி, தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். கட்டட விதி எனக்குத் தெரியாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் இவர்கள் விட்டிருப்பார்களா? மார்ச் 17 நாக்பூர் கலவரம் வரை யார் கண்ணிலும் படாத கட்டட வரைபடக் குறை, அந்தக் கலவர வழக்கில் வீட்டு மகன் கைதான பிறகு பளிச்சென்று பட்டது. 24 மணி நேர நோட்டீஸ் போனது. தாய் நீதிமன்றத்துக்கு ஓடினார். அன்றே தடை கிடைத்தது; அதற்குள் வீடு தரைமட்டம். இதற்கெல்லாம் சுற்றறிக்கை தேவைப்படவில்லை. இடிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது இவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும் வரிகளில்தான் பார்வை மங்குகிறது.

அந்தக் கடிவாளத்துக்குச் சட்டத்தின் ஆட்சி என்று பெயர்; அச்சொல்லை நாம் கற்றது ஆங்கிலேயரிடம். அதிகாரியும் சாதாரண மனிதனும் ஒரே நீதிமன்றத்தில் பதில் சொல்லவேண்டும் என்று 1885-ல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் டைசி எழுதினார். அதற்கும் 22 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனின் வான்ஸ்வொர்த் பகுதியில் ஏறக்குறைய நாக்பூர்க் கதை நடந்துவிட்டது. முறையான அறிவிப்பின்றி வீடு கட்டினார் ஒருவர். இரண்டாம் மாடி எழும்போது, உள்ளூர் வாரியம் ஆளனுப்பி இடித்தது. இடிக்கும் அதிகாரம் சட்டத்தில் தெளிவாகவே இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் இடித்தது தவறு என்று நீதிமன்றம் வாரியத்தை இழப்பீடு கட்டவைத்தது. ஜெர்மானியர் இதே கருத்துக்கு வேறு வழியில் வந்தார்கள். அவர்களுக்கு அரசு என்பதே சட்டத்துக்குள் கட்டுண்ட ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் அதிகாரிகளின் வரம்புமீறலை விசாரிக்கவென்றே தனி மன்றம் வைத்திருக்கிறார்கள்.

சீனாவைப் பற்றி நம்மவர்கள் ஏளனமாகச் சொல்வதுண்டு: அங்கே நடப்பது சட்டத்தின் ஆட்சியல்ல, சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள்வது என்று. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் 2012 ஜனவரி முதல் அங்கே அமலில் இருக்கும் நிர்வாகக் கட்டாயச் சட்டத்தின் 44-ஆம் பிரிவைப் பாருங்கள். சட்டவிரோதக் கட்டடமாகவே இருந்தாலும் அறிவிப்புச் செய்து, மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் உரிய காலம் தீர்ந்த பிறகுதான் கை வைக்கலாம். ஏட்டில் இருப்பது வீதிக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம். நாக்பூரிலும் அதே கதிதானே?

மகாராஷ்டிர ஆட்சியாளர்களுக்கு இது புதிதும் அல்ல. 1981 ஜூலையில், மழை கொட்டும்போது, பம்பாய் நடைபாதைவாசிகளை அள்ளிச் சொந்த ஊருக்கு அனுப்பக் கிளம்பினார்கள். நோட்டீஸே வேண்டாம் என்று 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆம் பிரிவைக் காட்டி வாதாடினார்கள். 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அகற்றும் அதிகாரத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் கேட்காமல் அகற்றுவதே வழக்கமாகக் கூடாது என்றது. நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. 2025 பிப்ரவரியில், கிரிக்கெட் ஆட்டத்தின்போது தேசவிரோத முழக்கம் எழுப்பியதாகப் புகார் கிளம்பியதும், மால்வண் ஊரில் பழைய இரும்புக் கடையைத் தரைமட்டமாக்கினார்கள். அங்கும் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை போலும்! புல்டோசருக்கு டீசல் மட்டும் தவறாமல் போய்ச் சேர்கிறது.

நாக்பூரில் கையெழுத்திட்டவர் யார், வாய்மொழியாகச் சொன்னவர் யார் என்று எங்காவது ஓரிடத்தில் பொறுப்பு நிற்கவேண்டும். பிரயாக்ராஜில் 2021-ல் வீடுகளை இடித்ததற்குத் தலா 10 லட்சம் தரும்படி 2025 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் கொடுக்கவேண்டியது அந்நகர வளர்ச்சி ஆணையம், அதாவது பொதுப்பணம். நவம்பர் தீர்ப்போ சொந்தப் பணம் என்கிறது. நாக்பூர் மாநகராட்சியின் சம்பளப் பட்டியலில் அந்தப் பிடித்தம் யார் பெயருக்கு நேரே விழுகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.