கைத்தட்டினால் அடுப்பு எரியுமா?

2020 மார்ச் 22-ம் தேதி மாலை ஐந்து மணிக்கு தேசம் முழுவதும் கை தட்டியது. தட்டு, கரண்டி, மணி எல்லாம் ஒலித்தன. பிரதமர் கேட்டுக்கொண்டார்; ஜனங்களும் நல்லெண்ணத்தோடுதான் தட்டினார்கள். ஆஸ்பத்திரியில் உயிரைப் பணயம் வைத்து நின்ற நர்ஸுகளையும் துப்புரவுத் தொழிலாளிகளையும் பாராட்டுவதில் தவறு என்ன? ஆனால் கைத்தட்டலின் விலை என்ன என்பதை நன்றாக அறிந்த ஒரு கூட்டம் இந்த நாட்டில் உண்டு. ஆயுள் முழுவதும் கைத்தட்டலை ரொக்கமாகவும் கூலியைக் கடனாகவும் வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். கூத்துக்காரர்கள், நாதஸ்வர தவில்காரர்கள், பறையடிப்பவர்கள், நாடக நடிகர்கள், மேடைக்குக் கொட்டகை போட்டு விளக்குக் கட்டுகிறவர்கள்.

இரண்டு நாள் கழிந்தது. 24-ம் தேதி இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவு முதல் ஊரடங்கு. ஒரு தேசத்தின் அடுப்பை அணைக்க நான்கு மணி நேர அவகாசம்!

அன்றைக்குக் கலைஞனின் பிழைப்பு எப்படி அறுந்தது என்பதைப் பார்க்க நீங்கள் சென்னை சபாக்களுக்குப் போக வேண்டாம். புதுச்சேரியில் குருசுக்குப்பத்துக்கு வாருங்கள். பிரெஞ்சுக்காரன் கட்டிய வெள்ளை நகரம் வடக்கே முடிகிற இடத்தில் இந்த மீனவர் குப்பம் தொடங்குகிறது. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு இந்தப் பக்கத்து மணலைக் கடல் தின்றுவிட்டது; கருங்கல்லைக் கொட்டித்தான் கரையைக் காத்தார்கள். அடுத்த குப்பம் வைத்திக்குப்பம். அங்கேதான் மாசி மகத்துக்குச் சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் கடலாட வருகின்றன. 2020-ல் மார்ச் மாதத்தின் முதல் பகுதியிலேயே மாசி மகம் வந்து போயிற்று. மேளமும் பறையும் ஓய்ந்து சுமார் இரண்டு வாரத்தில் கதவு சாத்தப்பட்டது.

மீனவர் குப்பத்தில் திருவிழாச் செலவு ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. ஊர் கூடித் தலைக்கட்டு வரி போடுகிறது. அந்த வரி வலையிலிருந்து வருகிறது. வலை காய்ந்தால் வரி இல்லை. வரி இல்லாவிட்டால் திருவிழா இல்லை. திருவிழா இல்லாவிட்டால் கூத்து இல்லை, நையாண்டி மேளம் இல்லை, ஒலிபெருக்கி கட்டுகிறவனுக்கு வேலை இல்லை. படகு கரையேறிய அன்றைக்கே, பத்து மைல் உள்ளே ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும் தவில்காரனின் பானையும் கவிழ்ந்துவிட்டது. மீனவனும் கலைஞனும் தனித்தனி ஜாதி, தனித்தனி ஊர் என்று நினைக்கிறோமே, அவர்கள் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மரங்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மாசி தொடங்கி ஆடி முடிய ஐந்தாறு மாதம்தான் கூத்துக்கும் மேளத்துக்கும் அறுவடைக் காலம். அந்த வரும்படியை வைத்துத்தான் வட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும், மழைக்காலத்தைத் தள்ள வேண்டும். நோய் வந்தது மார்ச்சில். இரண்டாவது அலை 2021-ல் ஏப்ரல், மே மாதங்களில் அடித்தது. இரண்டு ஆண்டு, இரண்டு அறுவடை, இரண்டும் நாசம்! கல்யாணத்துக்கு ஐம்பது பேர், சாவுக்கு இருபது பேர் என்று மத்திய சர்க்கார் எண்ணிக்கை வைத்தது. நோயைத் தடுக்க அது தேவையாக இருக்கலாம். ஆனால் அந்த இருபதில் பறையடிப்பவன் எத்தனையாவது ஆள்? அதை யாரும் கேட்கவில்லை. வாத்தியத்தை அடகு வைத்தவர்கள் உண்டு. சித்தாள் வேலைக்குப் போனவர்கள் உண்டு. நூறு நாள் வேலையில் மண் சுமந்தவர்கள் உண்டு. பலர் பிறகு வாத்தியத்துக்குத் திரும்பவே இல்லை.

நலியவைத்தது யார்?

சர்க்கார்கள் என்ன செய்தன? புதுச்சேரியில் குடும்ப அட்டைக்கு 2000 ரூபாய் என்று 2020-ல் கொடுத்தார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் கொடுத்தது கலைஞன் வீட்டுக்கும் வந்தது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதில் பெயர் பதிந்தவர்களுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று உதவி அறிவித்தார்கள். வாரியம் இருப்பது நல்லதுதான். அது போராடிப் பெற்றது, அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் பெயர் பதியாதவன் கதி? இரண்டு சீசன் கூலிக்கு இரண்டாயிரம் ரூபாய் எந்த மூலைக்கு?

சர்க்கார் காகிதங்களில் ஒரு சொல் அடிக்கடி வருகிறது: "நலிந்த கலைஞர்கள்". இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆலை மூடிக் கிடக்கும்போது யாராவது "நலிந்த மில் தொழிலாளி" என்று சொன்னது உண்டா? வேலையிழந்தவன் என்கிறோம், நஷ்ட ஈடு கேட்கிறோம், கொடியைப் பிடிக்கிறோம். கலைஞன் மட்டும் ஏதோ வயோதிகத்தால் வாடியவன் போல, தானாகவே நலிந்துபோனவனாம்! அவனுக்குக் கொடுப்பது தர்மமாம்! பொன்னாடை போர்த்தி, போட்டோ பிடித்து, கவரைக் கையில் வைத்து அனுப்புவார்களாம்!

சபாக்களின் கதை வேறு. 2020 டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமி உட்படப் பலரும் கச்சேரிகளை இணையத்தில் நடத்தினார்கள். நடத்தட்டும், மிருதங்கக்காரனுக்கும் தம்புராக்காரனுக்கும் வயிறு இருக்கிறது. டி. எம். கிருஷ்ணா போன்ற சில வித்வான்கள் கிராமியக் கலைஞர்களுக்காக நிதி திரட்டிக் கொடுத்ததையும் மறக்கக் கூடாது. ஆனால் விடிய விடிய நடக்கும் கூத்தைக் கைப்பேசிக்குள் எப்படி அடக்குவது? கட்டியங்காரன் கேலி செய்வதற்கு எதிரே ஊர்த் தலைவர் உட்கார்ந்திருக்க வேண்டும், துரியோதனன் விழும்போது கிழவிகள் மண்ணை வாரி வீச வேண்டும். பார்க்க ஆள் இல்லாத கூத்து கூத்தே அல்ல.

இரண்டு ஊர், ஒரே 1936

இந்த இடத்தில் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1936 ஜூலை 30-ம் தேதி சவானா ஆலையில் பிரெஞ்சு ஆட்சி சுட்டது. 12 தொழிலாளிகள் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நாம் தியாகிகளை நினைக்கிறோம். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதல் என்று பெருமையோடு சொல்கிறோம். அப்போது பாரிஸில் இருந்தது மக்கள் முன்னணி சர்க்கார். அங்கேயும் 1936-ம் ஆண்டு தொழிலாளர் கிளர்ச்சியின் ஆண்டுதான்.

அதே 1936-ல் பிரான்சில் ஒரு சிறிய விதை போடப்பட்டது. சினிமாவில் விட்டுவிட்டு வேலை கிடைக்கும் தொழில்நுட்பத் தொழிலாளிகளுக்கு, வேலை இல்லாத காலத்துக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு தனி ஏற்பாடு வந்தது. 1960-களில் அது நாடகம், சங்கீதம், நாட்டியம் என்று மேடைக்காரர்களுக்கும் விரிந்தது. விஷயம் சுலபமானது. ஓர் ஆண்டில் 507 மணி நேரம் கூலிக்கு வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால், மேடை இல்லாத நாட்களுக்கு அந்தக் கலைஞனுக்குப் படி உண்டு. முதலாளியும் கலைஞனும் கட்டும் சந்தாவிலிருந்து அது வருகிறது. பொன்னாடை கிடையாது, போட்டோ கிடையாது. மாதம் பிறந்தால் பணம்.

கொரோனா வந்தது. அரங்குகள் மூடின. 507 மணி நேரத்துக்கு எங்கே போவது? கலைஞர்கள் கூச்சலிட்டார்கள். 2020 மே 6-ம் தேதி ஜனாதிபதி மாக்ரோன், 2021 ஆகஸ்டு முடிய உரிமை நீட்டிக்கப்படும் என்று அறிவிக்க நேர்ந்தது. அது போதாது என்று 2021 மார்ச் 4-ம் தேதி பாரிஸின் ஓதியோன் நாடக அரங்குக்குள் கலைஞர்கள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். நாடெங்கும் பல அரங்குகள் அதைத் தொடர்ந்தன. அவர்கள் தங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. வேலையில்லாதோர் காப்பீட்டை வெட்டும் சட்டத்தையும் எதிர்த்தார்கள். மே மாதத்தில் கெடு இன்னும் நான்கு மாதம் நீண்டது.

இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு குமுறுகிறது. பாரிஸையும் புதுச்சேரியையும் அன்றைக்கு ஒரே கொடி ஆண்டது. ஒரே காலத்தில் இரண்டு ஊரிலும் தொழிலாளி எழுந்தான். அங்கே அந்த எழுச்சி மேடைக்காரன் வீடு வரை போய்ச் சேர்ந்தது. இங்கே ஆலை வாசலோடு நின்றுவிட்டது. (ஆலையும் இப்போது இல்லை, ஏ. எப். டி. ஆலையை இதே 2020-ல்தான் மூடினார்கள்.) குருசுக்குப்பத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ரோமன் ரோலந்து வீதியில், பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் நாடகக் குழு இயங்குகிறது. அந்த வீதிக்கு யுத்தத்தை எதிர்த்த ஒரு பிரெஞ்சு எழுத்தாளன் பெயரை வைக்கத் தெரிந்தது. பெயரோடு அந்த நாட்டுக் கலைஞனின் உரிமையையும் கொண்டுவரத் தெரியவில்லை.

"பிரான்சு பணக்கார நாடு; நம்மால் முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பணத்தில் நம் பணமும் உண்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கேயே முன்மாதிரி இருக்கிறதே! கட்டடத் தொழிலாளிக்காக 1996-ல் சட்டம் வந்தது. கட்டட மதிப்பில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வசூலித்து நல நிதியில் சேர்க்கிறார்கள். புதுச்சேரி என்ன விற்றுப் பிழைக்கிறது? கடற்கரையையும், வீதியழகையும், திருவிழாவையும், சினிமாப் படப்பிடிப்புக்கு இடத்தையும். ஓட்டல் வாசலில் விருந்தாளியை வரவேற்க மேளக்காரனைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஓட்டல் வரும்படியில், படப்பிடிப்புக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று கலைஞர் நிதிக்கு என்று ஏன் வைக்கக் கூடாது?

பணம் இல்லை, போலீஸ் உண்டு

நோய்க்கு முன்னால் தேசம் கொந்தளித்துக்கொண்டிருந்ததை மறக்க முடியாது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் வாசலில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துச் சென்றது. கோலத்துக்கு! தொற்று பரவிக்கொண்டிருந்த 2020 ஜூலையில், எண்பதை நெருங்கிய தெலுங்குக் கவி வரவர ராவ் சிறைவாசத்திலேயே கொரோனாவுக்கு ஆளானார். செப்டம்பரில் புனாவின் கபீர் கலா மஞ்ச் பாடகர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பாடகனுக்குக் கொடுக்கப் பணம் இல்லாத ராஜாங்கத்திடம் பாடகனைப் பூட்டி வைக்கச் சிறை மட்டும் தாராளமாக இருந்தது.

புதிய வழக்கம் அல்ல. 1876-ல் வெள்ளைக்காரன் நாடகத் தடைச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகு 1954-ல் சென்னை சர்க்காரும் ஒன்று போட்டது. 2013-ல்தான் ஐகோர்ட் அதை அடித்துப்போட்டது. கலைஞனைத் தொழிலாளி என்று எழுத எந்தச் சட்டத்துக்கும் கை வரவில்லை. குற்றவாளி என்று எழுத மட்டும் எப்போதும் பேனா தயார்.

ஆயினும் கலைஞன் சும்மா இருந்ததில்லை. 1943-ல் வங்கத்தில் பஞ்சமும் காலராவும் மலேரியாவும் சேர்ந்து முப்பது லட்சம் பேரைத் தின்றபோது, அதே ஆண்டு மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது. பாட்டுக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டின. 1944-ல் பிஜன் பட்டாச்சார்யாவின் 'நபான்ன' நாடகம் பசித்த விவசாயியை மேடையில் நிறுத்தியது. 2020-லும் எமன் வேடம் கட்டி, முகக்கவசம் போடச் சொல்லித் தெருவில் நின்றவன் கூத்துக்காரன்தான். பிரசாரத்துக்கு அவன் வேண்டும். பிரசாரம் முடிந்ததும் அவன் யாரோ.

இங்கே நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும், தோழர்களே. நம் மாநாட்டு ஊர்வலத்தில் முதலில் முழங்குவது பறை. மேடையில் முதலில் ஏறுவது பாட்டுக் குழு. கடைசியில் அவர்களுக்கு நாம் கொடுப்பது என்ன? பஸ் சார்ஜும் ஒரு சால்வையும். "லட்சியத்துக்காக வந்தவர்கள், கூலி பேசினால் சங்கடப்படுவார்கள்" என்கிறோம். சங்கடப்படுவது அவர்கள் அல்ல, நாம். ஆலை முதலாளியிடம் நிமிஷக் கணக்குக் கேட்கும் நாம், விடிய விடிய ஆடியவனிடம் மணிக் கணக்குக் கேட்டதே இல்லை. பிரான்சில் 507 மணி நேரம் என்று எண்ண முடிந்ததற்குக் காரணம், எண்ணி எழுத அங்கே சங்கம் இருந்தது. நம்மிடம் எத்தனை கூத்துக் குழு இருக்கிறது, ஓர் ஆண்டில் எத்தனை இரவு ஆடுகிறார்கள், இரவுக்கு என்ன கூலி என்ற பட்டியல் உண்டா? பட்டியல் இல்லாமல் எந்த மந்திரியிடம் எதைக் கேட்பது?

குருசுக்குப்பத்துக்கு மேற்கே சிறிது தூரத்தில் கருவடிக்குப்பம். சங்கரதாஸ் சுவாமிகள் அங்கே அடக்கமாகியிருக்கிறார். 1918-ல், விஷக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்ட அதே ஆண்டில், மதுரையில் பிள்ளைகளை வைத்து நாடக சபா தொடங்கியவர் அவர். நான்கு ஆண்டு கழித்து, 1922 நவம்பர் 13 அன்று, ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் புதுச்சேரியில் கண்ணை மூடினார். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி மாலை போடுகிறார்கள். அடுத்த முறை மாலையோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போவோம். பெயர், ஊர், வாத்தியம் அல்லது வேடம், சென்ற ஆண்டு எத்தனை இரவு, என்ன கூலி, எவ்வளவு பாக்கி. வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுதட்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க நம் வாலிபர்கள் வரட்டும்.